ஊட்டிக்கு வேன் பிடிக்காதீர்கள்

மண்டபத்து மேஜை: வாசகர் கேள்வி பதில்

பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் 31 ஆண்டுகள் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார். இந்த முறை, கல்யாணத்துக்கு வரும் வெளியூர் விருந்தினர் பற்றிய கடிதங்கள்.

கேள்வி: ஐயா, தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு அதிகாலை என் மகனுக்குப் பெருந்துறையில் கல்யாணம். பெண் கும்பகோணம். பெண் வீட்டார் நாற்பத்தைந்து பேர் தனி பஸ்ஸில் சனிக்கிழமை மதியம் வந்து இறங்குகிறார்கள். ஞாயிறு இரவு திரும்பிவிடுவார்கள். ஒருவருக்கும் நம் பக்கம் பழக்கமில்லை. மண்டபத்துச் சாப்பாடு தவிர என்ன கொடுக்கலாம், எங்கே அழைத்துப் போகலாம்? ஊட்டிக்கு ஒரு நடை போய்வரலாம் என்கிறார் என் கணவர்.
மாப்பிள்ளையின் அம்மா, பெருந்துறை

பதில்: ஊட்டியை முதலில் முடித்துவிடுகிறேன், அம்மா. பெருந்துறையிலிருந்து அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறிப் போய்ச் சேர நல்ல நாளிலேயே நாலு மணி நேரம் பிடிக்கும். திரும்பிவர அதே நாலு. என் காலத்தில் ஒரு கல்யாணம். பெங்களூரிலிருந்து வந்த மணப்பெண்ணின் தாய்மாமன், முந்தின நாள் விடிகாலையில் இரண்டு வேன் பிடித்து இருபத்திரண்டு பேரை ஊட்டிக்கு ஏற்றிக்கொண்டு போனார். "ஆறு மணிக்கு இங்கே நிற்போம்" என்று என்னிடமே சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு வேன் இரவு பதினொன்றுக்கு வந்தது. மாமன் இருந்த வேன் மலையிறங்கும்போது பிரேக் சூடேறி பர்லியார் பக்கம் நின்றுவிட்டது. விடிகாலையில் பெண்ணுக்கு நெற்றிப் பட்டம் கட்ட வேண்டியவர் அவர். அவருக்காகக் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, நேரம் தப்பிவிடும் என்று சின்ன மாமனைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னார்கள். பெரிய மாமன் வந்து சேர்ந்தபோது இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் இலையில் உட்காரவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து, "எத்தனை மணிக்குத் தாலி கட்டினீர்கள்?" என்று கோபமாகக் கேட்டார். நானா கட்டினேன்?

உங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார். உண்மையில் இல்லை. சனி மதியம் சாப்பிட்டு, ஒரு கண் அசந்து, குளித்து, பட்டுச்சேலை கட்டி வரவேற்புக்கு வர வேண்டும். அதில் மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். ஞாயிறு அதிகாலை மூன்றுக்கு எழுந்தவர்கள் காலைப் பந்தி முடிந்ததும் படுத்துவிடுவார்கள். மறுபடி மூன்று மணிக்கு மேல்தான் ஆளாவார்கள். இந்த இரண்டு துண்டு நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. அதற்குள் அடங்குவதை மட்டும் செய்யுங்கள்.

சனி மதியம் அவர்களுக்கு இலை போட்டு விருந்து வைக்க வேண்டாம். ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்தவர்களுக்கு வயிறு ஏற்காது. அதோடு, மாலையிலும் மறுநாள் காலையிலும் மண்டபத்தில் கிடைக்கப்போவது எந்த ஊர்க் கல்யாணத்திலும் கிடைக்கும் அதே பன்னீர், அதே காலிஃபிளவர், அதே ஐஸ்கிரீம். கொங்குச் சோறு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிய ஒரே சந்தர்ப்பம் இந்த மதியம்தான். அரிசியும்பருப்பும் ஆக்குங்கள். நாம் அரிசிம்பருப்பு என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அது.

நாற்பத்தைந்து பேருக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றேகால் கிலோ துவரம்பருப்பு. நாலுக்கு ஒன்று என்பது எங்கள் சமையல்காரரின் கணக்கு. கடலை எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, உரித்த பூண்டு, நறுக்காமல் முழுதாகவே சின்ன வெங்காயம். வெங்காயம் நிறம் மாறியதும் தக்காளி, மஞ்சள் தூள். பிறகு தண்ணீர், உப்பு, கொதி வந்ததும் அரிசியும் பருப்பும். மசாலா எதுவும் வேண்டாம். இறக்கும்போது கொஞ்சம் குழைவாக, கரண்டியில் எடுத்தால் சரிய வேண்டும். உதிரியாக நின்றால் அது வேறு சோறு. இலையில் வைத்ததும் மேலே ஒரு கரண்டி ஊத்துக்குளி நெய். பக்கத்தில் கெட்டித் தயிர், சுட்ட அப்பளம், ஊறுகாய். சாம்பார், ரசம், கூட்டு என்று எதையும் சேர்க்காதீர்கள். "இவ்வளவுதானா?" என்று முதல் வாய்க்கு முன் கேட்பார்கள். இரண்டாவது தடவை சோறு கேட்கும்போது மறந்துவிடுவார்கள்.

காப்பியில் மட்டும் போட்டிக்குப் போகாதீர்கள். கும்பகோணத்துக்காரர்களுக்கு நாம் டிகிரி காப்பி போட்டுக் காட்டுவது திருப்பதிக்கு லட்டு அனுப்புவது போல. சுக்கு, மல்லி தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி கொடுங்கள். அதில் அவர்களுக்கு ஒப்பிட எதுவும் இருக்காது.

மாலைச் சிற்றுண்டிக்குச் சந்தகை, நம் பக்கத்து இடியாப்பம். இதைச் சமையல்காரர் கையில் விடாமல், வந்திருக்கும் பெண்களை வைத்தே பிழியுங்கள். ஊறிய அரிசியை நைசாக ஆட்டி, இட்லித் தட்டில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிந்துவிட வேண்டும். ஆறினால் இறங்காது. ஒருத்தி மாவைத் திணித்துக்கொண்டே இருக்க, இன்னொருத்தி முழுப் பலத்தையும் போட்டு அழுத்த வேண்டும். எங்கள் மண்டபத்துப் பின்கட்டில், திருவையாற்றிலிருந்து வந்த ஒரு சம்பந்தியம்மா, வாய் திறந்து பேசாமல் இரண்டு மணி நேரம் மூலையில் உட்கார்ந்திருந்தார். சந்தகை பிழிய இங்கே ஒருத்தி திணறுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, "நகரடி" என்று ஒரு அழுத்து அழுத்தினார். நூல் நூலாகத் தட்டில் விழுந்தது. அதன் பிறகு இரண்டு வீட்டுப் பெண்களும் பேசி முடிக்கவில்லை. தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றி ஒரு தட்டு, எலுமிச்சை பிழிந்து தாளித்து ஒரு தட்டு.

உட்கார மாட்டாத சிலர் இருப்பார்கள். அவர்களைச் சென்னிமலைக்கு அனுப்புங்கள், அரை மணி நேரப் பயணம். படியேறவும் செய்யலாம், வாகனத்தில் மேலே போகவும் வழி இருக்கிறது. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய மலை இது என்று சொன்னால் போதும், தினமும் கவசம் சொல்கிற அத்தைமார்கள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். கவசத்தில் வரும் சிரகிரி சென்னிமலைதான். ஒரு எச்சரிக்கை: தைப்பூசத் தேர்த் திருவிழா அங்கே பல நாள் நடக்கும். உங்கள் சனிக்கிழமை அந்த நாள்களில் விழுந்தால் மலைப்பக்கமே போகாதீர்கள்.

அவர்களுடைய பஸ் கரூர், வெள்ளகோவில், காங்கேயம் வழியாக வந்தால், வரும் வழியிலேயே சிவன்மலையைப் பார்த்துவிடலாம். அங்கே முருகனைவிட ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைத்தான் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். பக்தர் ஒருவர் கனவில் ஒரு பொருளைச் சொல்லி உத்தரவு வரும். கோயிலில் பூ போட்டுக் கேட்டு, சரியென்று வந்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது இருக்கும். அரிசி வைத்தால் விலை ஏறுமா, தண்ணீர் வைத்தால் மழை வருமா என்று ஊரே பேசும். பஸ்ஸில் மீதி வழி முழுக்கப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிடும்.

இனி முகூர்த்தம். வெளியூரார் நம் கல்யாணத்தில் அதிகம் சலிப்பது அந்த விடிகாலை இரண்டு மணி நேரத்தில்தான். காரணம், என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. புரோகிதர் எங்கே என்று கண் தேடும். நம் பழைய வழக்கத்தில் சீர்களை நடத்திவைப்பவர் அருமைக்காரர் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் அக்காளோ தங்கையோ மணப்பெண் மாதிரி அலங்கரித்து நின்றால், பெண் மாறிவிட்டதோ என்று ஒரு பெரியவர் என்னிடம் ஓடி வந்திருக்கிறார். அது இணைச்சீர், உடன்பிறந்தவளுக்கு நாம் கொடுக்கும் மரியாதை. குடிமகன், அதாவது சீர்களுக்கு வரும் நாவிதர், மங்கல வாழ்த்துப் பாடும்போது இடையிடையே மேளத்தில் ஒரு தட்டு விழுமே, அந்த வாழ்த்தைக் கம்பர் பாடிக் கொடுத்ததாக நம் பக்கம் சொல்வார்கள். ஒரு கல்யாணத்தின் சீர்கள் எல்லாம் அதிலேயே வரிசையாக வந்துவிடும். கும்பகோணத்துக்காரர்களுக்கு அந்தத் தமிழ் தெளிவாகப் புரியும். உங்கள் வீட்டில் வாய் ஓயாத பெரியம்மா ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைப் பெண் வீட்டாருக்கு நடுவில் உட்கார வைத்துவிடுங்கள். அவருக்கும் வேலை கிடைக்கும், உங்களுக்கும் நிம்மதி.

ஞாயிறு மூன்று மணிக்குப் பெட்டி படுக்கையோடு பஸ்ஸில் ஏற்றி பவானிக்குக் கொண்டுபோங்கள். கூடுதுறைச் சங்கமேசுவரர் கோயில். காவிரியோடு பவானி கலக்கும் இடம். கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்கிறது என்பார்கள். வேதநாயகி அம்மனுக்கு 1804-இல் கோவை கலெக்டராக இருந்த வில்லியம் காரோ காணிக்கை கொடுத்த தந்தக் கட்டிலின் கதையைக் கேட்கச் சொல்லுங்கள். தூங்கிக்கொண்டிருந்த துரையை ஒரு சிறுமி வந்து எழுப்பி வெளியே அழைத்து வந்தாளாம். அவர் வெளியே வந்ததும் பங்களா இடிந்து விழுந்ததாம். கோயிலுக்குள் போக முடியாதவர் என்பதால் அவர் அம்மனைப் பார்க்கச் சுவரில் துளை போட்டார்கள் என்றும் சொல்வார்கள்.

ஆனால் நான் பவானியைச் சொல்வது கட்டிலுக்காக அல்ல. அவர்கள் காவிரிக்காரர்கள். கும்பகோணத்தில் அவர்கள் குளிக்கும் ஆறு, இங்கே பவானியைச் சேர்த்துக்கொண்டுதான் அங்கே போகிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதனால் தைக் கடைசியில் ஆறு அடங்கியிருக்கும், வயதானவர்கள் படித்துறையில் பயமில்லாமல் கால் நனைக்கலாம். தை அமாவாசை மட்டும் வேண்டாம், நிற்க இடம் கிடைக்காது. அங்கிருந்து ஈரோடு வந்து இரவுச் சாப்பாடு. பிறகு பஸ் கொடுமுடி, கரூர், திருச்சி என்று போனால் ஏறத்தாழ வழி நெடுகக் காவிரி கூடவே வரும்.

கேள்வி: ஈரோட்டில் நண்பனுக்குக் கல்யாணம். நாங்கள் ஆறு பேர் சென்னையிலிருந்து வருகிறோம். மண்டபத்தில் அசைவம் இருக்காது என்கிறான். வெளியே போய்ச் சாப்பிட்டால் தவறாக நினைப்பார்களா? எங்கே, என்ன சாப்பிட வேண்டும்?
நண்பர்கள், சென்னை

பதில்: தம்பிகளே, தாலி கட்டும்வரை கல்யாண வீட்டில் கறி கிடையாது. அது வழக்கம், அதில் கைவைக்காதீர்கள். முகூர்த்தம் முடிந்த பிறகு நீங்கள் எங்கே போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அன்று மதியம் மாப்பிள்ளையின் சித்தப்பாவே உங்களுக்கு முன்னால் மெஸ்ஸில் உட்கார்ந்திருப்பார், பார்க்காத மாதிரி இருந்துகொள்ளுங்கள். பொட்டலம் கட்டி மண்டபத்துக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள். என் காலத்தில் மாடி அறை ஒன்றில் பிரியாணி வாசனை கிளம்பி, மணப்பெண்ணின் ஆத்தா அறை அறையாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். பையன்கள் குளியலறைக்குள் நின்று சாப்பிட்டு முடித்தார்கள்.

பள்ளிபாளையம் சிக்கன் பெயரை எல்லா ஊரிலும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது சிவப்புச் சாயம் போட்ட ஏதோ ஒன்று. பள்ளிபாளையம் ஈரோட்டுக்கு எதிரே, காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வரும் ஊர், நாமக்கல் மாவட்டம். அசல் தயாரிப்பில் மசாலாத் தூள் இருக்காது. விதை உதிர்த்த வரமிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், உப்பு, பல் பல்லாகக் கீறிய தேங்காய், சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிய கோழி. அது தன் நீரிலேயே வெந்து சுண்ட வேண்டும். மிளகாய் நிறையக் கிடக்கும், காரம் அவ்வளவு இருக்காது. விதையை எடுத்துவிட்டதால் வருவது அது. தட்டில் குழம்பு ஓடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது கலக்கி. சென்னையில் இப்போது கிடைக்கிறது என்று என் மகன் சொல்கிறான், இருந்தாலும் இங்கே பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று வாங்கிச் சாப்பிடுங்கள். முட்டையை உடைத்து, உப்பு, மிளகு, கொஞ்சம் குழம்பு சேர்த்து டம்ளரில் ஒரு அடி. காய்ந்த கல்லில் ஊற்றியதும் மாஸ்டர் கரண்டி விளிம்பால் நாலு பக்கமும் உள்ளே தள்ளுவார். ஓரம் கட்டியாகும்போது நடு இன்னும் அசைந்துகொண்டிருக்கும். அந்த நொடியில் மடித்து இலையில் தள்ளிவிடுவார். பத்து எண்ணுவதற்குள் ஊற்றியதும் முடிந்தது, எடுத்ததும் முடிந்தது. உங்கள் கைக்கு வரும்போது அது நடுங்க வேண்டும். போட்டோ எடுக்க நின்றால் அது ஆம்லெட் ஆகிவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு, ஈரோட்டில் தொடங்கி இன்று பல நகரங்களுக்குப் போய்விட்ட ஜூனியர் குப்பண்ணா இருக்கிறது. அதைத் தவிர தெருவுக்கு ஒரு மெஸ். பலகையைப் பார்க்காதீர்கள், வாசலில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். மஞ்சள் மண்டிக்காரர்களும் ஜவுளிக்காரர்களும் ஒரு மணிக்கு எங்கே நிற்கிறார்களோ அங்கே போங்கள். வெள்ளாட்டுக் கறி, குடல், நாட்டுக்கோழிச் சாறு. மதியம் ஒன்றரைக்கு மேல் குடல் இருக்காது.

மீதி நேரம் இருந்தால் கோபி தாண்டிக் கொடிவேரி. பவானி ஆற்றுத் தடுப்பணையில் அகலமாக வழிந்து விழும் தண்ணீரில் குளித்து, வெளியே வந்தால் மீன் வறுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தடுப்பணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களால்தான் கோபிப் பக்கம் அத்தனை பச்சை. பாறை வழுக்கும். குடித்துவிட்டு இறங்காதீர்கள், மாப்பிள்ளைக்கு அன்று வேறு வேலை இருக்கிறது. தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோவையில் மகள் வரவேற்பு. மும்பையிலிருந்து என் தங்கை குடும்பம் வருகிறது. பத்து வயதில் இரண்டு பையன்கள். பகல் முழுக்க என்ன செய்வது? மால்தானா?
வாசகி, பீளமேடு, கோவை

பதில்: மால் மும்பையில் இல்லையா அம்மா? பையன்களை அவிநாசி ரோட்டில் இருக்கும் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். ஜி.டி. நாயுடுவின் பெயரில் நடக்கும் அறக்கட்டளை 2015-இல் திறந்தது. பழைய கார்கள் வரிசையாக நிற்கும். பத்து வயதுப் பையனை ஒன்றரை மணி நேரம் கட்டிப்போட இது போதும். திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

தங்கை சினிமா பிரியர் என்றால் வெரைட்டி ஹால் ரோட்டில் ஒரு தடவை நடத்திக் கூட்டிப்போங்கள். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, கடைகளும் வண்டிகளும்தான். ஆனால் அந்தப் பெயர் 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய கொட்டகையின் பெயர். ரயில்வேயில் வேலை பார்த்தவர் அவர். 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர். பிறகு சொந்த ஊரான கோவையில் நிரந்தரக் கொட்டகை போட்டார். மும்பைக்காரர்களிடம் சினிமாவைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேச நமக்கும் ஒரு தெரு இருக்கட்டும்.

மதியத்துக்கு முன் அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி. 1968 முதல் இருக்கும் கடை. கோவையில் வளர்ந்தவர்கள் வெளியூரிலிருந்து வந்ததும் முதலில் போய் நிற்பது அங்கேதான், உங்கள் தங்கையே உங்களைக் கேட்காமல் போய்விடுவார் பாருங்கள். நாலு மணிக்குப் பேரூர். பட்டீசுவரர் கோயில் கனகசபையில் தூண் தூணாக ஆள் உயரச் சிற்பங்கள். யானையை உரித்துப் போர்த்திய சிவன் முன்னால் பையன்கள் கட்டாயம் நிற்பார்கள். திரும்பும் வழியில், மாலையானதும் தள்ளுவண்டிகளில் காளான் கிடைக்கும். பெயர்தான் காளான், பெரும்பாலும் முட்டைக்கோஸ். பொரித்ததை வாணலியில் போட்டு, குழம்பு ஊற்றி, கரண்டியால் கொத்தி, மேலே பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். நான் சாப்பிடுவதில்லை. என் பேரன்கள் அதற்காகவே கோவை வருகிறார்கள்.

கேள்வி: மாலை நிகழ்ச்சிக்குப் பாட்டுக் கச்சேரி வைக்கலாமா, ஜமாப் மேளம் வைக்கலாமா? வெளியூர் விருந்தினர் ரசிக்க வேண்டும்.
பெண்ணின் அப்பா, காங்கேயம்

பதில்: பாட்டுக் கச்சேரியை எந்த ஊரிலும் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு ஒரு பெரிய குறையும் உண்டு, பக்கத்து நாற்காலியோடு பேச முடியாது. பத்து வருடம் கழித்துச் சந்திக்கும் சொந்தக்காரர்கள் வாயசைவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். ஜமாப் நல்லது, ஆனால் அதற்குத் தெரு வேண்டும். மண்டபத்துக்குள் அடித்தால் கூரைத் தகடு அதிரும். மாப்பிள்ளை அழைப்புக்கு வெளியே அடித்து, வாசலோடு நிறுத்திவிடுங்கள்.

என்னைக் கேட்டால் வள்ளிக் கும்மி. வள்ளி முருகன் கல்யாணக் கதை, கல்யாணத்துக்குப் பொருத்தமானது. ஆசிரியர் ஓர் அடி பாட, வட்டம் அதை வாங்கிப் பாடி, கைதட்டி, அடவு மாற்றிச் சுற்றும். கோவைப் பக்கத்துக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024-இல் இந்தக் கலைக்காகத்தான் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்களே ஆடிவந்த இடத்தில் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். இன்று குழுக்களில் பெண்கள்தான் அதிகம், ஒரே நிறச் சேலையில் அம்மாவும் மகளும் அடுத்தடுத்து ஆடுவதைப் பார்க்கலாம்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, மேடை வேண்டாம், தரை வேண்டும். கார் நிறுத்தும் மைதானத்தில் பாதியைக் காலி செய்து, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து வையுங்கள். அவர்கள் வெறுங்காலில் ஆடுகிறார்கள். இரண்டு, கும்மி முடிந்த பிறகு சாப்பாடு என்று வைக்காதீர்கள். இரண்டு மணி நேரம் ஆடியும் அவர்கள் நிறுத்தமாட்டார்கள், உங்கள் விருந்தினர் பாதிப் பேர் வட்டத்துக்குள் புகுந்திருப்பார்கள், பந்தி காத்துக் கிடக்கும். குழந்தைகளையும் வயதானவர்களையும் முன்னதாகவே சாப்பிட வைத்துவிடுங்கள். ஆடியவர்களுக்குத் தனியாகச் சூடாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். எத்தனையோ கல்யாணங்களில் அவர்களுக்குக் கடைசியில் ரசம்தான் மிஞ்சுகிறது.

கேள்வி: வந்தவர்கள் வாங்கிப் போக என்ன இருக்கிறது?
வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் ஊரிலேயே காதர்பேட்டை இருக்கும்போது என்னிடம் கேட்கிறீர்கள். பனியன் துணியைப் பை பையாக அள்ளிக்கொண்டு போவார்கள். அது தவிர பவானி ஜமக்காளம், சென்னிமலைப் போர்வை. ஈரோடு கனி ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை, ஞாயிறு திரும்புபவர்களுக்குப் பயனில்லை. ஊத்துக்குளி வெண்ணெய் கேட்டால் நெய்யாக உருக்கியதை வாங்கித் தாருங்கள். ஒரு சம்பந்தி வெண்ணெயைச் சட்டைப் பெட்டியில் வைத்து ரயிலேறினார். மீதியை எழுத வேண்டாம்.

கேள்வி: கொங்கு என்று சொல்லிவிட்டுக் கோவை, ஈரோட்டையே சுற்றுகிறீர்கள். சேலம் என்ன பாவம் செய்தது?
வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: ஒரு பாவமும் இல்லை. உங்கள் ஊர்த் தட்டுவடை செட்டுக்கு நான் அடிமை. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு விதச் சட்னி. ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டை போச்சு. மாலை வரவேற்பில் இதற்கென்று ஒரு மேஜை போட்டுப் பாருங்கள், சாட் மேஜைப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். மாம்பழக் காலத்துக் கல்யாணம் என்றால் வாசலில் ஆளுக்கொரு மல்கோவா கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: என் சித்தப்பா டெல்லியிலிருந்து வருகிறார். எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டேன், தூங்கத்தான் வருகிறேன் என்கிறார். மனவருத்தமாக இருக்கிறது. அவரை எப்படி உற்சாகப்படுத்துவது?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தூங்க விடுங்கள் அம்மா. மண்டபத்துக்கு வந்தவர்களில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வந்தவர் அவர் ஒருவர்தான். அறை கொடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். எந்த மண்டபத்திலும் ஜெனரேட்டர் பக்கத்து அறையும் சமையல்கட்டுக்கு மேல் அறையும் தூங்க உதவாது. விடிகாலை இரண்டரைக்கே தேங்காய் உடைக்கும் சத்தமும் அண்டா உருட்டும் சத்தமும் தொடங்கிவிடும். மாடியில் கடைசி அறையைக் கேட்டு வாங்குங்கள். தையில் விடிகாலைக் குளிர் இருக்கும், ஒரு சென்னிமலைப் போர்வை வையுங்கள். முகூர்த்தத்துக்கு எழுப்ப ஒரு பையனைச் சொல்லிவையுங்கள், கையில் சுக்குக் காப்பியோடு.